கொங்கு உணவும் ஊர்ப்பெயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டு மஞ்சளுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, "நம்ம ஊர்ப் பலகாரத்துக்கும் வாங்கலாமுங்களா?" என்ற கேள்வி கொங்குப் பக்கம் அடிக்கடி எழுகிறது. முத்திரை எது, பெருமை எது, சட்டம் எது என்று குழப்பமும் நிறைய. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில்.

கொங்கு நாட்டுக்கென்று அதிகாரபூர்வமான உணவு ஏதாவது உண்டா?

இல்லை. கொங்கு என்பது இன்றைக்கு ஒரு நிர்வாக எல்லை இல்லை என்பதால் அப்படி அறிவிக்க ஓர் அமைப்பும் இல்லை. தமிழ்நாட்டுக்கு மாநில மரம் பனை, மாநிலப் பழம் பலா, மலர் செங்காந்தள், பறவை மரகதப்புறா, விலங்கு வரையாடு, விளையாட்டு கபடி என்றெல்லாம் உண்டு. 2019-ல் தமிழ் மறவன் மாநில வண்ணத்துப்பூச்சி ஆனது. மாநில உணவு என்று மட்டும் எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு அருகில் வருபவை பனையும் பலாவும்தான்.

நாட்டுக்கும் இதே நிலைதான். 2017 நவம்பரில் டில்லியில் நடந்த உணவுத் திருவிழாவில் 918 கிலோ கிச்சடி சமைத்தபோது, கிச்சடியைத் தேசிய உணவாக அறிவிக்கப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. அப்போதைய உணவு பதப்படுத்தல் துறை அமைச்சரே அதை மறுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் உணவை மாநிலச் சின்னமாக அறிவிக்கும் வழக்கம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் நிறைய. அங்கே மாநில சட்டமன்றமே தீர்மானம் போட்டு அறிவிக்கும். ஒஹாயோ 1965-ல் தக்காளிச் சாற்றை மாநில பானமாக்கியது. டெக்ஸாஸ் 1977-ல் 'சில்லி' என்கிற மிளகாய்க் கறியை மாநில உணவாக ஏற்றது. ஓக்லஹோமா 1988-ல் ஒரே உணவு என்று நிறுத்தாமல், வறுத்த வெண்டைக்காயும் சோள ரொட்டியும் இறைச்சியும் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாட்டையே அறிவித்தது. லூசியானாவுக்கு 2004-லிருந்து 'கம்போ' என்கிற கெட்டிக் குழம்பு.

இவற்றால் யாருக்கும் சட்டப்படி உரிமை எதுவும் வந்துவிடாது. டெக்ஸாஸ் சில்லியை உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பேரிலேயே விற்கலாம். அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். நம் நாட்டில் இருக்கும் புவிசார் குறியீடு இதற்கு நேர்மாறு. அதில் விழாவும் அறிவிப்பும் முக்கியமில்லை. ஊர்ப்பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதே கேள்வி.

புவிசார் குறியீடு என்றால் சட்டப்படி என்ன?

ஒரு பொருளின் தரமோ, தன்மையோ, பேரோ அது விளையும் அல்லது செய்யப்படும் இடத்தால் வருகிறது என்று நிறுவினால் அந்தப் பேருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. 1999-ல் இயற்றிய சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதலில் பதிவானது டார்ஜீலிங் தேயிலை. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இதில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. விண்ணப்பித்து வாங்கிய சங்கமோ கூட்டமைப்போ பதிவு உரிமையாளர். அந்தப் பொருளை உண்மையில் விளைவிப்பவர், செய்பவர், விற்பவர் தனியாகப் பதிந்துகொண்டால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர். இந்த இரண்டாவது வகையை நம் பக்கத்தில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு இதில் இருக்கும் முக்கிய அக்கறையே அதுதான். ஊருக்குக் குறியீடு வந்துவிட்டது என்று பட்டாசு வெடிப்பதோடு வேலை முடிவதில்லை. காட்டில், அதாவது வயலில், நிற்பவர் பேர் அந்தப் பதிவேட்டில் ஏறினால்தான் அந்தப் பேர் அவருக்கும் சொந்தம்.

ஈரோட்டு மஞ்சளில் அப்படி என்ன தனித்தன்மை?

முதலில் தண்ணீர். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால், கொடிவேரி அணை, 1950-களில் வந்த கீழ்பவானி வாய்க்கால் என்று பவானி ஆற்றை நம்பிய பாசனம் இது. ஒன்பது மாதப் பயிருக்கு இப்படித் தொடர்ந்து தண்ணீர் தர முடிந்த மண்ணில்தான் மஞ்சள் இவ்வளவு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. தை, மாசியில் தாளை அறுத்துவிட்டு வெட்டி எடுப்பார்கள். வேக வைத்து, களத்தில் நாள்கணக்கில் காயப்போட்டு, பிறகு உருளையில் போட்டு மெருகேற்றுவார்கள். அந்த மாதங்களில் கொடுமுடி, சிவகிரிப் பக்கம் போனால் மஞ்சள் வேகும் ஆவி சாலை வரைக்கும் வரும்.

விரல்போல நீண்ட விரலி, உருண்டையான கிழங்கு என்று இரண்டாகப் பிரித்துத்தான் விலை வைப்பார்கள். விரலிக்கு விலை கூடுதல். ஏலத்துக்கு வந்த மாதிரியை வாங்குபவர் கையில் எடுத்து ஒரு விரலியை ஒடிப்பார். 'டக்'கென்று முறிய வேண்டும். முறிந்த இடத்தில் நிறம் நடுப்பகுதியிலிருந்து விளிம்பு வரை ஒரே சீராக இருக்க வேண்டும். வளைந்து ஒடிந்தால் ஈரம் இருக்கிறது என்று விலை குறையும். குறியீட்டுக்கான ஆவணத்தில், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் 2.5 முதல் 4.5 சதவீதம் என்று எழுதியிருப்பதை, ஏலக்களத்துக்காரர்கள் இப்படிக் கையாலும் கண்ணாலும் காதாலும் பார்த்து வந்திருக்கிறார்கள்.

2011-ல் விண்ணப்பம், 2019 மார்ச்சில் பதிவு. இடையில் எட்டு ஆண்டு. விண்ணப்பித்தது ஈரோடு மஞ்சள் வணிகர்கள் மற்றும் கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். அவர்கள் செலவழித்து, ஆவணம் திரட்டி, விடாமல் நின்று வாங்கியதற்கு விவசாயிகளும் நன்றி சொல்ல வேண்டும். அதே சமயம், வாங்கியது வணிகர் சங்கம் என்பதால் விளைவிப்பவர்கள் பயனாளராகத் தனியே பதிய வேண்டிய தேவை இங்கே இன்னும் கூடுகிறது.

எல்லை ஈரோடு மாவட்டத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சில பகுதிகளும் அதில் அடங்கும். மாவட்டக் கோடு பிற்பாடு போட்டது. மஞ்சள் அதற்கு முன்பே இருந்தது.

சாங்கிலி மஞ்சளுக்கும் குறியீடு இருக்கிறதே, இரண்டும் எப்படி?

மஞ்சள் என்ற பொதுப்பெயருக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. ஈரோடு, மகாராஷ்டிரத்துச் சாங்கிலி, ஒடிசாவின் கந்தமால் என்று ஊர்ப்பெயரோடு சேர்ந்த பேருக்குத்தான் உரிமை. ரசகுல்லா விஷயத்திலும் இதுதான் நடந்தது: வங்காளத்துக்கு 2017-ல், ஒடிசாவுக்கு 2019-ல், அவரவர் ஊர்ப்பெயரோடு.

கிருமிக்கும் காயத்துக்கும் மஞ்சள் பூசுவதை யாரும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்பது வேறு வழக்கு. 1995-ல் அமெரிக்காவில் காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வழக்காடி 1997-ல் அது ரத்தானது. நம் ஆத்தாமார்கள் காலங்காலமாகச் செய்து வந்ததை எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது. எழுதி வைக்காத அறிவுக்கு என்ன ஆபத்து வரும் என்று நாடு அப்போதுதான் விழித்துக்கொண்டது.

பழனி திண்டுக்கல் மாவட்டம். பஞ்சாமிர்தம் எப்படிக் கொங்கு உணவாகும்?

கொங்கின் எல்லை சொல்லும் பழம்பாடல், தெற்கு எல்லையாக வைகாவூரைச் சொல்கிறது. அது பழனிதான். கொங்கின் 24 நாடுகளில் வையாபுரி நாடு என்பதும் அந்தப் பகுதியே. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி கட்டிக்கொண்டு நடந்து போகும் கொங்குக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

பொருளாக எடுத்துக்கொண்டாலும் இணைப்பு உண்டு. பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச் சர்க்கரையைப் பழனி தேவஸ்தானம் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்தில் எடுக்கிறது. கரும்பு ஆட்டி, கொப்பரையில் பாகு காய்ச்சி, சர்க்கரையாகக் கிளறி எடுக்கும் ஆலைக்காரர்களின் உழைப்பு அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. வாழைப்பழம் பழனி மலைப்பக்கத்து மலைவாழை. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் பஞ்சாமிர்தத்துக்கு முன்பே தனித்தனியாகக் குறியீடு கிடைத்துவிட்டது. இந்தப் பழத்தில் நீர்ச்சத்து குறைவு. அதனால்தான் பழம், சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்தது, சொட்டுத் தண்ணீர் சேராமல், பதப்படுத்தும் மருந்தும் இல்லாமல் கெடாமல் இருக்கிறது. வேறு வாழையைப் போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

2019 ஆகஸ்டில் பஞ்சாமிர்தத்துக்குக் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அதுவே முதல் முறை. மலைவாழையோ முடிக்கொத்து நோயால் பல ஆண்டாக அடிவாங்கிய பயிர். வாழை இல்லாமல் போனால் குறியீட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு பஞ்சாமிர்தம் பிசைய முடியாது. ஆகவே மலையில் வாழை நடுபவருக்கு விலை கிடைப்பதும், நோயில்லாத கன்று கிடைப்பதும் பஞ்சாமிர்தத்தைக் காப்பதன் பாதி வேலை.

அடிவாரக் கடைகளில் 'பழனி பஞ்சாமிர்தம்' என்று விற்பதெல்லாம்?

பதிவு கோயிலின் பேரில் இருக்கிறது. கோயில் பிரசாதம் வேண்டுமென்றால் தேவஸ்தான விற்பனை நிலையத்தில் வாங்குங்கள்.

சேலம் ஜவ்வரிசிக்கு எப்படிக் கிடைத்தது? மரவள்ளி வெளிநாட்டுப் பயிராச்சே?

மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பழமை இருந்தால்தான் குறியீடு என்று சட்டம் சொல்லவில்லை. இரண்டாம் உலகப்போர் சமயம் வெளிநாட்டிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் இந்தத் தொழில் பிடித்தது. குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளியை அரைத்து, பாலைத் தெளியவைத்து, ஈர மாவைத் தொட்டிலில் ஆட்டிக் குருணையாக்கி, வறுத்துக் காயவைப்பது. சேலம், நாமக்கல் சுற்றுப்பட்டில் ஆலைகளும் கிழங்குக் காடுகளும் ஒன்றையொன்று நம்பி வளர்ந்தன. ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-ல் ஏற்பட்டது. 2023-ல் குறியீடு வந்தது. வட இந்தியாவில் விரத நாளில் சாப்பிடும் சாபுதானா கிச்சடிக்குப் போகும் ஜவ்வரிசி பெரும்பாலும் நம் பக்கத்துச் சரக்கு. மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்று கிழங்கு விவசாயிகள் நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். கலப்படத்தை நிறுத்தாமல் குறியீட்டை மட்டும் பையில் அச்சடிப்பது கிழங்கு விளைவிப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

நாமக்கல் முட்டைக்குக் குறியீடு பொருந்துமா?

பேர் இருக்கிறது, சந்தை இருக்கிறது, வளைகுடா வரை ஏற்றுமதியும் இருக்கிறது. ஆனால் கோழி இனமும் தீவனமும் எங்கும் கிடைப்பவை. அங்கே சிறப்பு மண்ணில் இல்லை, தொழில் அமைப்பில் இருக்கிறது. பேரும் புகழும் போதும் என்று வாதாடச் சட்டத்தில் இடம் உண்டு. என் பார்வையில் அந்த முயற்சிக்கான உழைப்பை வேறு இடத்தில் போடலாம்.

ஊத்துக்குளி வெண்ணெய்க்கு எதை நிறுவ வேண்டும்?

நாமக்கல் முட்டைக்கு நேரெதிர், இங்கே மண்ணைக் காட்ட முடியும். ஊத்துக்குளி, காங்கேயம் பக்கம் மழை குறைந்த பூமி. கிளுவை வேலி கட்டி, நடுவில் வெள்வேல மரங்கள் நிற்க, கொழுக்கட்டைப்புல் வளரும் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் அங்கே உண்டு. மழை பெய்தால் தழைக்கும், காய்ந்தால் நிலத்தோடு ஒட்டிக்கிடக்கும், மறுபடி ஒரு மழைக்கு எழுந்துவிடும் புல் அது. அதில் மேய்ந்த எருமையின் பால், தயிராக்கிக் கடைந்த வெண்ணெய். இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் காட்டினால் மிக வலுவான வழக்கு. ஆனால் எருமை வைத்திருப்பவர் குறைந்து, கொறங்காடு வீட்டு மனையாகவும் காற்றாலைக்கும் போய்க்கொண்டிருந்தால் எதை எழுதிக் காட்டுவது? வெண்ணெய்க்குக் கொடி பிடிப்பவர்கள் முதலில் கொறங்காட்டுக்குப் பிடிக்க வேண்டும்.

சமைத்த உணவுக்குக் குறியீடு கிடைக்காது என்கிறார்களே, பள்ளிபாளையம் சிக்கனுக்கு வழியில்லையா?

கிடைக்காது என்பது தவறு. ஹைதராபாத் ஹலீமுக்கு 2010-ல் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-லும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-லும் பதிவாயின. சிக்கல், செய்முறையை ஒரே மாதிரி வரையறுத்து எல்லோரும் கையெழுத்துப் போடுவதில் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஒரு சங்கமும் வேண்டும்.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரையறை எளிது என்றே நினைக்கிறேன். கோழியை எலும்போடு சிறுசிறு துண்டாக வெட்ட வேண்டும். வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறி, எண்ணெயில் நிறம் மாறும்முன் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட வேண்டும். பிறகு கறி, மஞ்சள், உப்பு, கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். மல்லித்தூள், கரம் மசாலா எதுவும் கிடையாது. வெங்காயம் விடும் தண்ணீரிலேயே கறி வேகும். காவிரிக்கு அக்கரையில் ஈரோடும் இக்கரையில் பள்ளிபாளையமும் இதை இப்படித்தான் செய்து வந்தன. இன்று சென்னை, பெங்களூர் உணவகங்களில் அதே பேரில், குடைமிளகாயும் சோயா சாஸும் போட்ட ஏதோ ஒன்று வருகிறது. அதனால் ஊர்க்கடைக்காரர்கள் ஒன்றுகூடிச் செய்முறையை எழுதி வைப்பதே முதல் வேலை. குறியீடு அப்புறம் வரட்டும்.

கோவை ரோட்டுக்கடைக் காளான்?

மாலைநேரக் கோவைக்கு அது ஓர் அடையாளம்தான். முட்டைக்கோஸ் அதிகமும் காளான் கொஞ்சமுமாகப் பொரித்து, மசாலாவில் புரட்டி, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவது. சின்னமாவதற்கு இன்னும் வயசு இருக்கிறது.

கோவை கிரைண்டருக்குக் குறியீடு இருக்கிறதாமே, அது உணவா?

உணவு இல்லை, உணவைச் செய்வது. இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டர் 1955-ல் கோவையில் உருவானது. அதற்கான கல் ஊத்துக்குளிப் பக்கத்துக் கல். பவானி ஜமக்காளத்தோடு சேர்ந்து நம் பக்கம் ஆரம்பத்திலேயே குறியீடு பெற்றவற்றில் அதுவும் ஒன்று.

ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடுவதை எதில் சேர்ப்பது?

விற்பனைப் பொருள் இல்லாததால் புவிசார் குறியீட்டில் சேராது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று காவிரியை ஒட்டிய ஊர்களில் ஆடி பிறக்கும் நாளில் நடக்கும் நோம்பி இது. தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்துத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, வெல்லம், பாசிப்பருப்பு, எள், அவல், பொட்டுக்கடலை திணிப்பார்கள். அழிஞ்சில் குச்சியைச் செருகி, தெருவில் மூட்டிய நெருப்பில் ஓடு வெடிக்கிற வரை சுட வேண்டும். குச்சிக்கு மஞ்சள் பூசுவது குழந்தைகள் வேலை. பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்தால் உள்ளே எல்லாம் ஒன்றாய் வெந்து, ஓட்டின் புகை மணத்தோடு இருக்கும்.

கொரியாவில் குளிர்காலத்துக்கு முன் ஊர்கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் பண்பாட்டு மரபாக ஏற்றது. அங்கே ஏற்றது ஊறுகாயை அல்ல, சேர்ந்து போடுவதை. நம் தேங்காய் நோம்பிக்கும் அந்தத் தகுதி முழுதாக உண்டு.

கொங்குக்கு ஒரே ஒரு உணவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்?

பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் அரிசிம்பருப்புச் சோறு என்பார்கள். தப்பில்லை. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், மஞ்சள். எல்லாம் ஒரே சட்டியில். மேலே நெய், பக்கத்தில் தயிர். காட்டு வேலை முடிந்து பொழுது சாய்ந்து வந்தவர்களுக்கு அரை மணி நேரத்தில் ஆகிவிடும் சாப்பாடு.

நான் சொல்வது கொள்ளு. வாய்க்கால் வருமுன், மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய காலத்தில், அரிசிச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறும் சோளச்சோறும் ராகிக்களியும், தொட்டுக்கொள்ளக் கொள்ளுப்பருப்பும். கொறங்காட்டைச் சில ஆண்டுக்கொருமுறை உழுது விதைத்ததும் சோளமோ கொள்ளோதான். காங்கேயம் காளைக்கும் அதையே வேகவைத்து வைத்தார்கள். வெந்த தண்ணீரை வடித்து ரசம், வெந்த பருப்பை வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி சேர்த்து ஆட்டிக் கடைசல்; ஒரு பிடி தானியத்தில் இரண்டு வேளைக்குத் துணை. இந்த மண்ணின் வறட்சியையும் அதில் பிழைத்த சாமர்த்தியத்தையும் அதைவிடச் சொல்லும் உணவு எனக்குத் தெரிந்து இல்லை.

நான் மஞ்சள் விளைவிக்கிறேன். பயனாளராகப் பதிய என்ன செய்ய வேண்டும்?

கிண்டி பதிவகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முன்பு 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020-ல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உங்கள் நிலம் குறியீட்டின் எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; பதிவகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்குமான ஆவணம் கிடைக்கும். சிட்டா, அடங்கல், அடையாளச் சான்று, மஞ்சள் விற்ற ரசீது ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தைப் பற்றிப் பதிவு உரிமையாளரான சங்கத்துக்கும் தெரிவியுங்கள். தனியாகச் செய்யச் சிரமமாக இருந்தால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாக ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம். அறுவடைக்கு முன்பே, ஆவணி புரட்டாசியில் தொடங்கிவிடுங்கள். தை பிறந்துவிட்டால் யாருக்கும் காகிதம் பார்க்க நேரம் இருக்காது.